சென்னை மாடியில் தக்காளிப் பூ கொட்டுகிறது: நம்ம ஊர் எந்த 'சோன்'?

மேடவாக்கம் மாடி · சென்னை

எல்லாருக்கும் வணக்கம். மாடியில் குரோ பேக் வைத்துக் கத்தரி, வெண்டை, தக்காளி போடுகிறேன். கத்தரியும் வெண்டையும் பிரச்சினை இல்லை. தக்காளிதான் மார்ச் பிறந்ததும் பூ பூவாகப் பூத்துக் காம்போடு கொட்டிவிடுகிறது. பஞ்சகவ்யம், மோர்க்கரைசல், மீன் அமிலம் எல்லாம் கொடுத்துப் பார்த்தாச்சு. யூடியூபில் வெளிநாட்டு வீடியோ பார்த்தால் முதல் கேள்வியே "நீங்கள் எந்த சோன்? 9பியா, 10ஏவா?" என்பதுதான். சென்னை எந்த சோனில் வருகிறது?

இன்னொன்று. வீட்டம்மாவுக்குக் குன்னூர். மாமனார் வீட்டுக் கொல்லையில் பேரி மரம் காய்த்துத் தொங்குகிறது, ஹைட்ராஞ்சியா நீலமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. இரண்டிலும் ஒவ்வொரு கன்று கொண்டு வரலாம் என்று ஆசை. வருமா, வராதா?

டெல்டா தம்பி · கும்பகோணம்

அண்ணே, சோனெல்லாம் அமெரிக்காக்காரன் கணக்கு. நமக்கு ஆடிப்பட்டம், கார்த்திகைப்பட்டம், தைப்பட்டம் போதும். பட்டம் தப்பி விதைத்தால் பூ கொட்டத்தான் செய்யும்.

ஓய்வில் தோட்டம் · கோவை, 411 மீ

தம்பி சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் சோன் விஷயம்.

அந்த எண் அமெரிக்க வேளாண் துறை போட்ட வரைபடத்தில் இருப்பது. ஓர் ஊரில் ஒவ்வொரு வருடமும் அடிக்கிற மிகக் குறைந்த குளிரை எடுத்து, 30 வருடச் சராசரி போட்டு, 10 பாரன்ஹீட்டுக்கு ஒன்றாக 13 மண்டலம் பிரித்திருக்கிறார்கள். அதாவது அது சொல்வது ஒரே ஒரு விஷயம்: குளிர்காலத்தில் இந்தச் செடி உறைந்து சாகுமா, பிழைக்குமா. கோடையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. மழை, மண், காற்று எதுவும் கிடையாது.

அந்தக் கணக்கில் சென்னை 13, அதாவது கடைசி மண்டலம். அங்கே குளிரால் சாகிற செடி என்று எதுவும் இல்லாததால் அந்த எண் உங்களுக்குப் பயனே இல்லை. வேடிக்கை என்ன என்றால், ஊட்டியை அந்தக் கணக்கில் வைத்தால் சுமார் 10 வரும். பாலைவனத்தில் இருக்கும் பீனிக்ஸ் நகரமும் 9, 10 என்ற எண்ணைச் சுற்றியேதான் இருக்கிறது. கோடையில் 45 டிகிரி சாதாரணமாகத் தாண்டும் ஊரும், மே மாதத்தில் ஸ்வெட்டர் தேடும் ஊட்டியும் ஒரே சோன்! வீடியோவில் ஒருவர் "சோன் 10இல் இது நன்றாக வரும்" என்றால் எந்த 10 என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தக் குறை அவர்களுக்கும் தெரியும். அமெரிக்கத் தோட்டக்கலைச் சங்கம் 1997இல் வெப்பத்துக்கென்று தனி வரைபடம் போட்டது. வருடத்தில் எத்தனை நாள் 30 டிகிரியைத் தாண்டுகிறது என்று எண்ணி 12 மண்டலம். 210 நாளுக்கு மேல் போனால் 12. சென்னை அதிலும் கடைசிப் பெஞ்சுதான்.

இப்போது தக்காளி. பகலில் 35 போவதைவிட இரவு இறங்காததுதான் உங்கள் பிரச்சினை. இரவு வெப்பம் 21, 22 டிகிரிக்கு மேலேயே நின்றால் மகரந்தம் வலுவிழக்கும், பூ காய் பிடிக்காமல் உதிரும். சென்னையில் ஜனவரியில் இரவு 21 பக்கம் வரும். மே மாதத்தில் விடியற்காலையில்கூட 28க்குக் கீழே வராத நாட்கள் உண்டு. மீன் அமிலம் ஊற்றினால் ராத்திரி குளிர்ந்துவிடாது.

கம்மனஹள்ளி கார்டன் · பெங்களூர், 920 மீ

சார் சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். நான் சென்னையில் இருந்தபோது போட்ட அதே ரகத்தை இங்கே போட்டால் ஏறக்குறைய வருடம் முழுக்கக் காய்க்கிறது. பெங்களூரில் ஏப்ரலில் பகல் 34 வரை போகும், ஆனால் இரவு 22க்கு இறங்கிவிடும். ஜனவரியில் இரவு 15, 16.

மேடவாக்கம் மாடி · சென்னை

அப்போ உயரம்தான் எல்லாம் என்று வைத்துக்கொள்ளலாமா? எத்தனை மீட்டருக்கு எவ்வளவு குறையும்?

ஓய்வில் தோட்டம் · கோவை, 411 மீ

சராசரியாக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி. கோவை 411 மீட்டர், ஊட்டி சுமார் 2,240. வித்தியாசம் 1,800 சொச்சம், அதற்குப் பன்னிரண்டு டிகிரி. ஏப்ரலில் இங்கே பகல் 36, அங்கே 23 பக்கம். கணக்கு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது.

உங்கள் ஊர் உயரம் தெரியவில்லை என்றால் ரயில் நிலையத்து மஞ்சள் பலகையைப் பாருங்கள். ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று போட்டிருக்கும். மேட்டுப்பாளையம் பலகையில் முந்நூற்றுச் சொச்சம், உதகமண்டலம் பலகையில் 2,200 சொச்சம். நடுவில் வெறும் 46 கிலோமீட்டர் தண்டவாளம். அந்த 46 கிலோமீட்டருக்குள் பாக்கு, பலா, மங்குஸ்தானில் தொடங்கித் தேயிலை தாண்டி, பேரி, கேரட், உருளைக்கிழங்கு வரை போய்விடலாம். சமவெளியில் இந்த மாற்றத்தைப் பார்க்க எத்தனை நூறு மைல் வடக்கே போக வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் "உயரம்தான் எல்லாம்" என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கோவையையே எடுங்கள். வெறும் நானூறு மீட்டர்தான். கணக்குப்படி சென்னையைவிட இரண்டரை டிகிரிதான் குறைய வேண்டும். ஆனால் ஜூன், ஜூலையில் சென்னை 35, 36, 37இல் வேகும்போது கோவை 31, 32இல் இருக்கும். அது பாலக்காட்டுக் கணவாய் செய்கிற உபகாரம். மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகல இடைவெளி, தென்மேற்குப் பருவக்காற்று அது வழியாக நேரே உள்ளே வருகிறது. மழையை அந்தப் பக்கமே கொட்டிவிட்டு ஈரக்காற்றை மட்டும் எங்களுக்கு அனுப்புகிறது. அதே காற்றுதான் ஆடியில் என் பீர்க்கங்காய்ப் பந்தலையும் சாய்க்கிறது.

கோத்தகிரி அக்கா · கோத்தகிரி

குன்னூர்ப் பேரியைச் சென்னைக்குக் கொண்டுபோகிற தம்பிக்கு: வேண்டாம்பா. மரம் பிழைக்கும், நாலு இலை விடும், காய்க்காது. பேரி, பிளம்ஸ், பீச் எல்லாம் குளிரில் கொஞ்சநாள் உறங்கி எழுந்தால்தான் மொட்டு விடும். எங்களுக்கு அந்த உறக்கம் டிசம்பர், ஜனவரியில் கிடைக்கிறது. எங்கள் நாட்டுப் பேரிக்குக் கொஞ்சம் குளிரே போதும், அதனால்தான் இங்கே காய்க்கிறது. உங்களுக்கு அந்தக் கொஞ்சமும் கிடையாது.

ஹைட்ராஞ்சியாவைப் பற்றி. இங்கே சுற்றுலா வருகிறவர்கள் சாலையோர நர்சரியில் ஆளுக்கு இரண்டு வாங்கி வண்டி டிக்கியில் வைத்துக்கொண்டு போவதைத் தினம் பார்க்கிறேன். விற்கிறவர் "எங்கே வேணா வரும் சார்" என்பார். மேட்டுப்பாளையம் தாண்டும்போதே இலை தொங்கிவிடும். அப்படியே பிழைத்தாலும் அந்த நீலம் வராது. எங்கள் மண் புளிப்பு மண். காரகாடித்தன்மை (pH) 5 பக்கம் இருக்கும். புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைப்பதால் பூ நீலமாகிறது. சுண்ணாம்பு இருக்கிற மண்ணில் அதே செடி ரோஸ் நிறத்தில் பூக்கும். உங்கள் போர்த் தண்ணீரை ஊற்றினால் ரோஸும் வராது, இலை மஞ்சளாகிப் போய்விடும்.

எங்களுக்கும் இந்தப் புளிப்பால் தலைவலி உண்டு. கோஸ் போட்டால் வேர் குண்டு குண்டாக வீங்கிச் செடி மதியத்தில் வாடி நிற்கும். டோலமைட் சுண்ணாம்பு போட்டு மண்ணை ஆற்றாமல் இங்கே கோஸ், காலிஃபிளவர் பேசவே முடியாது.

டெல்டா தம்பி · கும்பகோணம்

அக்கா, ஆப்பிள்கூட இப்போ சமவெளியில் காய்க்குது என்று செய்தி வருதே?

கோத்தகிரி அக்கா · கோத்தகிரி

அது ரகத்தைப் பொறுத்தது. இமாச்சலத்து வழக்கமான ஆப்பிளுக்கு 7 டிகிரிக்குக் கீழே ஆயிரம் மணி நேரம் போலக் குளிர் வேண்டும். அன்னா என்று இஸ்ரேல் ரகம், டார்செட் கோல்டன் என்று பஹாமாஸ் ரகம், இமாச்சலத்திலேயே தாழ்வான பகுதியில் வந்த ஹெச்ஆர்எம்என் 99, இவற்றுக்கெல்லாம் மிகக் குறைவான குளிர் போதும். சென்னையில் 7 டிகிரி என்பது குளிர்சாதனப் பெட்டிக்குள்தான். காய்ப்பதாகப் போடுகிற படங்களைப் பார்த்தால் ஒரு மரத்தில் நாலு காய் இருக்கும், அதை நாற்பது கோணத்தில் எடுத்திருப்பார்கள்.

தலைகுந்தா · ஊட்டி அருகே

அக்கா குளிரைப் பற்றிப் பேசியதால் நானும் வருகிறேன். உயரம் ஒன்றாக இருந்தாலும் குளிர் ஒன்றாக இருக்காது. எங்கள் பக்கம் டிசம்பர் கடைசியிலிருந்து உறைபனி. காலையில் புல்வெளி உப்பு கொட்டியது மாதிரி இருக்கும். அதே இரவு, எங்களைவிட உயரத்தில் மேட்டில் இருக்கிற சித்தப்பா வீட்டில் பனி விழாது! மேலே போனால் குளிர் கூட வேண்டும் இல்லையா? வானம் தெளிவாக, காற்று அசையாமல் இருக்கிற இரவில் தரை வேகமாகச் சூட்டை விடும். குளிர்ந்த காற்று கனம். சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கி நிற்கும். நாங்கள் அந்தப் பள்ளத்தில் இருக்கிறோம்.

அதனால் எங்கள் வீட்டில் மிளகாய், பீன்ஸ் எல்லாம் மேட்டுப் படியில். கீழ்ப்படியில் பூண்டு, முள்ளங்கி, கீரை மாதிரி தாங்குகிறவை. வரப்பில் அடர்த்தியாக வேலி வைத்தால் குளிர் காற்று வடியாமல் உள்ளேயே நின்றுவிடும், அதனால் தாழ்ந்த பக்கம் ஒரு இடைவெளி விட்டிருக்கிறோம். பனி விழுந்த காலையில் வெயில் படுமுன் எழுந்து செடிமேல் தண்ணீர் தெளித்துவிட வேண்டும். உறைந்த இலையில் நேரே வெயில் பட்டால் கருகிவிடும். ஊட்டி தாவரவியல் பூங்காவில்கூடப் பனிக்காலத்தில் பூச்செடிகளை மிலாறு (செடிக் கிளைகள்) போட்டு மூடி வைப்பதைப் பார்க்கலாம்.

மேடவாக்கம் மாடி · சென்னை

மேட்டில் சூடு, பள்ளத்தில் குளிர். இதை நான் கேள்விப்பட்டதே இல்லை. அப்போ ஊட்டிக்குள்ளேயே இரண்டு சோனா?

தலைகுந்தா · ஊட்டி அருகே

எங்கள் தோட்டத்துக்குள்ளேயே இரண்டு.

நுவரெலியா வாத்தி · இலங்கை, 1,868 மீ

நான் யாழ்ப்பாணத்து ஆள், வேலை நுவரெலியாவில். எங்கட நாட்டில் இந்தப் பிரச்சினைக்கு வேற மாதிரி ஒரு கணக்கு இருக்கு. உயரத்தையும் மழையையும் சேர்த்தே பார்ப்பார்கள். 300 மீட்டர் வரை தாழ்நாடு, 300 முதல் 900 வரை இடைநாடு, அதுக்கு மேல மலைநாடு. அதுக்குக் குறுக்கே மழை: வருசத்துக்கு 1,750 மில்லிமீட்டருக்குக் கீழ எண்டால் உலர் வலயம், 2,500க்கு மேல ஈர வலயம், நடுவில இடை வலயம். மண்ணையும் தரையமைப்பையும் சேர்த்து 46 பிரிவு. சின்னத் தீவுக்கு 46!

எனக்கு இது ஏன் பிடிக்கும் எண்டால், யாழ்ப்பாணத்தில் அம்மா செம்மண்ணில் சின்ன வெங்காயம் போடுவா. கீழ முழுக்கச் சுண்ணாம்புக் கல். இங்க நான் லீக்ஸ், கரட், போஞ்சி (உங்கட பீன்ஸ்) போடுறன், மண்ணுக்குச் சுண்ணாம்பு வாங்கிப் போடுறன். பெரும்போகம், சிறுபோகம் எண்டு பெயர் ஒண்டுதான், வேலை வேற. அம்மா அனுப்பின முருங்கைக் கம்பு இங்க ஜனவரிக் குளிரிலேயே பட்டுப்போச்சு.

ஓய்வில் தோட்டம் · கோவை, 411 மீ

மழையைச் சேர்த்துப் பார்ப்பதுதான் முறை. வாத்தியார் சொன்னதற்கு இங்கே ஓர் உதாரணம். கூடலூரும் பெங்களூரும் கிட்டத்தட்ட ஒரே உயரம், ஆயிரம் மீட்டர் பக்கம். கம்மனஹள்ளிக்காரர் ஜூலையில் தக்காளி பறிக்கிறார். கூடலூரில் ஜூலையில் தக்காளி நட்டால் பின்கருகல் நோய் வந்து செடி கறுத்துப்போகும். நீலகிரியின் மேற்குச் சரிவு தென்மேற்கு மழையை நேரே வாங்குகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்ததே, சென்னையின் வருட மழையில் பாதிக்கு மேல். அதே நீலகிரியில் கிழக்குப் பக்கம் இருக்கும் கோத்தகிரி, குன்னூருக்கு அக்டோபர், நவம்பர் மழைதான் பெரிது. சரியா அக்கா?

கோத்தகிரி அக்கா · கோத்தகிரி

சரிதான் சார். ஊட்டிக்காரர்கள் ஜூலையில் குடையோடு திரியும்போது எங்களுக்கு வெறும் மூடுபனியும் சாரலும்தான். நவம்பரில்தான் எங்கள் சாலையில் மண் சரியும்.

டெல்டா தம்பி · கும்பகோணம்

நான் ஆரம்பத்திலேயே சொன்னேன், பட்டம் பார்த்தால் போதும் என்று. பட்டத்தில் மழையும் இருக்கு, வெயிலும் இருக்கு. நீங்கள் சுற்றிச் சுற்றி அங்கேதான் வருகிறீர்கள்.

ஓய்வில் தோட்டம் · கோவை, 411 மீ

தம்பி, மீதிப் பாதிக்கு வருகிறேன் என்றேன் இல்லையா, இதோ. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது சமவெளி மானாவாரிக்காரன் சொன்னது. ஆடியில் விதைத்தால் வடகிழக்குப் பருவமழைக்குள் பயிர் வேர் பிடித்து நிற்கும். நீலகிரியில் அந்தச் சொல் செல்லாது. அங்கே கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று மூன்று. உருளைக்கிழங்கைச் சித்திரை வாக்கில் கார்போகத்துக்கு நடுவார்கள், ஆவணி வாக்கில் கடைபோகம், தண்ணீர் வசதி இருந்தால் தையில் நீர்போகம். ஆக பட்டமும் ஒரு மண்டலக் கணக்குதான். உங்கள் பட்டம் உங்கள் மண்டலத்துக்கு.

தமிழ்நாட்டை வேளாண் துறையில் ஏழு தட்பவெப்ப மண்டலமாகப் பிரித்திருக்கிறோம்: வடகிழக்கு, வடமேற்கு, மேற்கு, காவிரி டெல்டா, தெற்கு, அதிக மழை, மலைப்பகுதி. அதிக மழை என்பது கன்னியாகுமரி. சென்னைக்காரர் வடகிழக்கு, நீங்கள் டெல்டா, நான் மேற்கு. சோன் எண் கேட்டவருக்கு இதுதான் என் பதில். விதைக் கவரில் எந்த மாதம் என்று போட்டிருப்பதை இந்த ஏழுக்குள் எதற்கு என்று கேட்டு வாங்குங்கள்.

கம்மனஹள்ளி கார்டன் · பெங்களூர், 920 மீ

ஒரு கேள்வி. மச்சினன் அமெரிக்காவிலிருந்து பெரிய வெங்காய விதை கொண்டுவந்தான். இங்கே போட்டேன், தாள் மட்டும் இடுப்பளவு. ஊட்டியில் ஒரு நண்பருக்கும் கொடுத்தேன், குளிர் இருக்கிறதே, வரும் என்று. அங்கேயும் தாள்தான். கிழங்கே இல்லை. ஏன்?

ஓய்வில் தோட்டம் · கோவை, 411 மீ

இது இந்த இழையிலேயே நல்ல கேள்வி. உயரம் ஏறினால் குளிர் கிடைக்கும், பகல் நீளம் கிடைக்காது. வெங்காயம் கிழங்கு வைப்பதைப் பகலின் நீளம்தான் முடிவு செய்கிறது. வட அமெரிக்காவின் வட பாதியில் போடுகிற ரகங்களுக்கு 14 மணி நேரத்துக்கு மேல் பகல் வேண்டும். ஊட்டி இருப்பது 11 டிகிரி அட்சரேகையில். அங்கே ஜூன் மாதத்திலும் பகல் 13 மணி நேரத்தைத் தொடாது. லண்டனில் அதே நாளில் 16 மணி நேரத்துக்கு மேல். வெள்ளைக்காரன் ஊட்டியைப் பார்த்து இங்கிலாந்து மாதிரியே இருக்கிறது என்றானே, செடிக்கு அப்படித் தெரியாது. செடி சூரியனைப் பார்த்து, தான் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதைக் கண்டுபிடித்துவிடும். தாளைச் சமையலுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை குறும்பகல் ரகம், அதாவது நம்மூர் விதை.

மேடவாக்கம் மாடி · சென்னை

இவ்வளவு விஷயம் இருக்கும் என்று நினைக்கவில்லை. பேரி, ஹைட்ராஞ்சியா ஆசையை விட்டுவிட்டேன், மாமனாருக்கும் சந்தோஷம். இப்போ நடைமுறைக்கு வாருங்கள். மாடியில் தக்காளி எப்போது போடட்டும்? பிள்ளைக்குக் கேரட் பிடுங்கிப் பார்க்க வேண்டுமாம், அது நடக்குமா?

ஓய்வில் தோட்டம் · கோவை, 411 மீ

தக்காளி: செப்டம்பர் கடைசி, அக்டோபரில் நாற்று விடுங்கள். நவம்பர் மழையில் நாற்றைத் தாழ்வாரத்தில் வைத்துக் காப்பாற்றி, மழை தணிந்ததும் பெரிய பைக்கு மாற்றினால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை பூக்கும் காலம் குளிர் இரவுகளோடு பொருந்தும். செடித் தக்காளியாக, செர்ரித் தக்காளியாக இருந்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும். மார்ச்சில் பூ கொட்ட ஆரம்பித்ததும் பிடுங்கிவிட்டு வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை. சித்திரை வெயிலை அவைதான் ரசிக்கும்.

கேரட்: ஊட்டியில் போடுகிற ரகத்தை வாங்காதீர்கள். குரோடா என்று ஜப்பான் ரகம் வெயில் தாங்கும், பூசா ருதிராவும் சமவெளிக்கு ஏற்றது. நவம்பர் முதல் பாதியில் நேரே பையில் விதையுங்கள், நாற்று மாற்றக் கூடாது, வேர் கவடு விடும். ஓர் அடி ஆழம், மணலும் தேங்காய் நார்க் கழிவும் கலந்த பொலபொல மண். நிறம் எடுக்க 15 முதல் 20 டிகிரி வேண்டும், சென்னையில் அது இல்லை. அதனால் வெளிறி, விரல் தடிமனில் வரும். பிள்ளைக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா?

மாடித் தளம் பகலெல்லாம் சூட்டை வாங்கி இரவில் விடுவதால் பையைத் தரையில் வைக்காமல் செங்கல் மேலோ ஸ்டாண்டிலோ வையுங்கள். பிப்ரவரியிலேயே 50 சதவீத நிழல்வலை கட்டிவிடுங்கள். அக்னி நட்சத்திரம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஏற்காடு காப்பி · ஏற்காடு, 1,500 மீ

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே இருந்தேன். எங்கள் நிலைமைதான் ரெண்டுங்கெட்டான். காப்பி, மிளகு, கமலா ஆரஞ்சு அருமையாக வரும். சௌசௌ கொடியைப் பிடித்து நிறுத்த முடியாது. ஆனால் பேரிக்குக் குளிர் போதவில்லை, ஏதோ காய்க்கும். தென்னை வளரும், காய் எதிர்பார்க்க முடியாது. கறிவேப்பிலை டிசம்பர் வந்தால் இலை மஞ்சளாகி உதிர்ந்து மொட்டைக் கம்பாக நிற்கிறது. உரம் வைக்கட்டுமா?

கோத்தகிரி அக்கா · கோத்தகிரி

வைக்காதீங்க. குளிரில் அது உறங்குகிறது, வேர் எதையும் எடுக்காது. தண்ணீரையும் பாதியாகக் குறையுங்கள், ஈரத்தில் நின்றால் வேர் அழுகும். மாசி வெயில் ஏறினதும் நுனியைக் கிள்ளிவிட்டுத் தொழுவுரம் வையுங்கள், துளிர் வரும். எனக்கு இங்கே அதுவும் வராது. கறிவேப்பிலைக்கு வாரா வாரம் மேட்டுப்பாளையம் பஸ்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.